அட்டையில் மை கலத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொள்பவர்கள் முத்திரை பதிப்பதையும் வெட்டி ஒட்டுவதையும் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். பின்னணிக்கு மையைக் கலந்து ஏற்றும் இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அப்போது கேட்கப்படும் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பகுதியில் உள்ளவை அடிப்படையானவை. போகப் போகச் சிக்கலானவை வரும்.

இங்க் பிளெண்டிங் என்கிறார்களே, அது வாட்டர்கலர் மாதிரிதானா?

இல்லை. வாட்டர்கலரில் நிறத்தைச் சுமந்து செல்வது தண்ணீர். மை கலத்தலில் தண்ணீருக்கு வேலையே இல்லை. இங்க் பேடிலிருந்து ஒற்றி எடுத்த சிறிதளவு மையை உலர்ந்த அட்டையின் மீது தூரிகையாலோ ஸ்பாஞ்சாலோ வட்ட வட்டமாகத் தேய்த்து, மெல்லிய படலங்களாக ஏற்றுகிறோம். ஓரிடத்தில் எத்தனை படலம் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் வெளிறியோ அடர்ந்தோ தெரியும். ஒரு நிறத்தின் வெளிறிய ஓரமும் அடுத்த நிறத்தின் வெளிறிய ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் மூன்றாவது நிறம் பிறக்கிறது.

ஆரம்பிக்க என்னென்ன வாங்க வேண்டும்?

நல்ல அட்டை ஒரு கட்டு, பக்கத்தில் பக்கம் வைத்தால் ஒத்துப்போகும் மூன்று நிறங்களில் இங்க் பேடுகள், நிறத்துக்கு ஒன்றாக மூன்று தூரிகைகள், அடியில் விரிக்க மை உறிஞ்சாத ஒரு விரிப்பு ஆகியவை போதும். சிலிக்கான் விரிப்பு இல்லாவிட்டால் லேமினேட் செய்த பழைய தாள் ஒன்றே போதுமானது. பலரும் முதலில் பன்னிரண்டு நிற மைத் தொகுப்பை வாங்கிவிட்டு, அட்டைக்கு மட்டும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். செலவை அட்டையில் வைத்து, மையில் சிக்கனமாக இருப்பதே சரி என்பது என் கருத்து.

எந்த அட்டையை வாங்குவது? கடையில் எல்லாமே வெள்ளையாகத்தான் இருக்கிறது.

முதலில் பளபளப்பான ஆர்ட் கார்டு வகைகளை ஒதுக்கிவிடுங்கள். அழைப்பிதழ்களுக்கும் விசிட்டிங் கார்டுகளுக்கும் பயன்படும் அந்த அட்டைகளின் மேல் களிமண் போன்ற கனிமப் பூச்சு இருப்பதால், மை இழைகளுக்குள் இறங்காமல் மேலேயே வழுக்கிக்கொண்டிருக்கும். அடுத்து, சாதாரண சார்ட் பேப்பரையும் ஒதுக்குங்கள். அது நேர்மாறாக, தொட்ட கணத்திலேயே மையைக் குடித்துவிடும். நமக்கு வேண்டியது பூச்சில்லாத, வழவழப்பான, மையை நிதானமாக உறிஞ்சும் அட்டை. அந்த நிதானத்தைத் தருவது, காகிதம் தயாரிக்கும்போது உறிஞ்சுதலைக் கட்டுப்படுத்துவதற்காகச் சேர்க்கப்படும் மாவுப்பசை போன்ற பொருள்கள். ஒரே எடையுள்ள இரண்டு வெள்ளை அட்டைகள் மையின் கீழ் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

கடையில் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு விழுந்ததும் பரவிக் கறுத்தால் உறிஞ்சுதல் அதிகம். நிமிடக் கணக்கில் முத்துப்போல் நின்றால் பூச்சு இருக்கிறது. சற்று நேரம் நின்று, பிறகு ஓரம் பரவாமல் மெல்ல இறங்கினால் அந்த அட்டையை நம்பி வாங்கலாம்.

எடையைப் பொறுத்தவரை 200 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை பொருத்தமானது. அமெரிக்கக் கட்டுகளில் பவுண்டுக் கணக்கும், தடித்த அட்டை வகையைக் குறிக்கும் ‘கவர்’ என்ற சொல்லும் இருக்கும். 80 பவுண்டு கவர் என்பது ஏறத்தாழ 216 ஜிஎஸ்எம், 110 பவுண்டு கவர் என்பது ஏறத்தாழ 298 ஜிஎஸ்எம். நீனா நிறுவனத்தின் சோலார் ஒயிட் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுத்தப்படும் அட்டை. வரைவதற்குப் பயன்படும் தடித்த, வழவழப்பான பிரிஸ்டல் தாளும் நன்றாகவே ஒத்துழைக்கும். கையால் செய்த பருத்திக் காகிதம் பார்வைக்கு மிக அழகானது என்றாலும், அதன் மேடுகளில் மட்டும் மை பிடித்துப் பள்ளங்களில் வெள்ளை நிற்கும் என்பதால், அதை வாழ்த்து அட்டையின் அடித்தளமாக வைத்துக்கொண்டு, மை கலந்த தனித்துண்டை அதன் மேல் ஒட்டுவதே நல்லது.

டை இங்க், பிக்மென்ட் இங்க், டிஸ்ட்ரெஸ், ஆக்சைடு... இத்தனை பெயரில் எதை எடுப்பது?

டை இங்க் எனப்படும் சாய மையில் நிறம் திரவத்தில் முழுமையாகக் கரைந்திருக்கும். அது அட்டையின் இழைகளுக்குள் ஊறும், ஒளி ஊடுருவும், விரைவில் உலரும். பிக்மென்ட் இங்க் எனப்படும் நிறமி மையில் நிறம் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கும். அது மேற்பரப்பிலேயே தங்கும், அடியிலுள்ளதை ஓரளவு மறைக்கும், உலர நேரம் எடுக்கும்.

ரேஞ்சர் நிறுவனம் கைவினை வடிவமைப்பாளர் டிம் ஹோல்ட்ஸின் பெயரில் வெளியிடும் டிஸ்ட்ரெஸ் இங்க், தண்ணீர் பட்டால் நகரக்கூடிய சாய மை. அது சாதாரண சாய மைகளைவிடச் சற்று நேரம் ஈரமாக இருப்பதால், தேய்த்துக் கலக்க அவகாசம் கிடைக்கிறது. 2017-இல் அதே வரிசையில் வந்த டிஸ்ட்ரெஸ் ஆக்சைடு, சாயமும் நிறமியும் சேர்ந்த மை. உலர்ந்ததும் சுண்ணம் பூசியதுபோல் மங்கிய தோற்றம் தரும். கற்றுக்கொள்பவர்களுக்கு நான் ஆக்சைடைத்தான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் சிறு திட்டுகளை அது மன்னித்துவிடும். கண்ணாடிபோல் தெளிவான நிறம் வேண்டுமென்றால் சாய மைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

வீட்டில் ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் இருக்கிறது. அதையே பயன்படுத்தக் கூடாதா?

பயன்படுத்தலாம், ஆனால் கலக்க வராது. ரப்பர் முத்திரையை ஒரே அழுத்தில் பதிப்பதற்காகச் செய்யப்பட்ட மை அது. நிறச்செறிவு மிக அதிகம், பட்ட இடத்திலேயே கறையாகப் பிடித்துக்கொள்ளும். அந்த ஊதாவை வெளிறிய படலமாக இழுப்பது மிகக் கடினம். கடித உறைக்கு முத்திரை இட அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாஞ்ச் நல்லதா, பிரஷ் நல்லதா? மேக்கப் பிரஷ் போதுமா?

ஸ்பாஞ்ச் மையை நிறையக் குடித்து, ஒரே தேய்ப்பில் அடர்ந்த நிறத்தைத் தரும். ஆனால் அதன் விளிம்பு வளைகோடுகளைப் பதிக்கக்கூடும். எனவே ஸ்பாஞ்ச் வாங்கினால் சதுரமானதைத் தவிர்த்து, வட்டமாகவும் நடுவில் குவிந்தும் இருப்பதை எடுங்கள். அடர்ந்த மயிர்களுள்ள தூரிகை மையைச் சிறிது சிறிதாக விடுவதால் கட்டுப்பாடு அதிகம், நேரமும் சற்று அதிகம்.

மேக்கப் பிரஷ் தாராளமாகப் போதும், அது சரியான வகையாக இருந்தால். பவுடர் பூசும் நீள மயிர்த் தூரிகை மடங்கிவிடும். ஃபவுண்டேஷன் பூசப் பயன்படும், மயிர் குட்டையாகவும் நெருக்கமாகவும் தலை தட்டையாகவோ சற்றுக் குவிந்தோ இருப்பதை எடுங்கள். உள்ளங்கையில் அழுத்தினால் மயிர்கள் பக்கவாட்டில் விரியாமல் எதிர்த்து நிற்க வேண்டும்.

வீடியோவில் காட்டுகிறபடியே செய்கிறேன். ஆனாலும் வைத்த இடத்தில் திட்டாகப் பதிந்துவிடுகிறதே?

இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. வீடியோவில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் இரண்டு செயல்களில் இதற்கு விடை இருக்கிறது. தூரிகையைப் பேடில் ஒற்றி எடுத்ததும் மை முழுவதும் மயிர்களின் நுனியில்தான் நிற்கிறது. அப்படியே அட்டையில் வைத்தால், முதல் தொடுகையிலேயே அதில் பெரும்பகுதி இறங்கிவிடும். ஆகவே முதலில் விரிப்பின் மீது சில சுற்றுகள் தேய்த்து மையை மயிர்களுக்கிடையே பரவ விட வேண்டும். பிறகு தேய்ப்பதை நிறுத்தாமலேயே, விரிப்பிலிருந்து அட்டையின் ஓரம் வழியாக உள்ளே நகர வேண்டும். தூரிகை அட்டையைத் தொடும்போது ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் பாதித் திட்டுகள் மறைந்துவிடும்.

இரண்டாவது, அழுத்தம். தூரிகையின் காம்பை முனைக்கு அருகில் பிடித்தால் கை தானாக அழுத்தும். சற்றுப் பின்னால் தள்ளிப் பிடியுங்கள். முதல் சுற்றில் நிறம் விழுந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். அப்படியும் திட்டு வந்தால் கையை விட்டுவிட்டு அட்டையைச் சந்தேகியுங்கள். மேலே சொன்ன தண்ணீர்ச் சொட்டுச் சோதனையைச் செய்து பாருங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கும், ரப்பரால் அழித்த தடமும், டேப் விட்டுச்சென்ற பசையும்கூட மையின் கீழ் திட்டாகத் தெரியும். சமையல் வேலைக்கு நடுவே வந்து உட்காருபவர்கள் கையைக் கழுவித் துடைத்த பிறகு அட்டையைத் தொடுவது நல்லது.

இரண்டு நிறம் சேருகிற இடத்தில் கோடு போட்டதுபோல் தெரிகிறது. எப்படி மறைப்பது?

வெளிறிய நிறத்தை முதலில், அது நிற்க வேண்டிய எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் வரை ஏற்றுங்கள். பிறகு அடர் நிறத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவந்து, அந்தக் கூடுதல் பகுதியின் மீது மெல்லப் படிய விடுங்கள். இப்போதும் எல்லை தெரியும். அதற்காக அடர் நிறத்தை மேலும் ஏற்றாமல், வெளிறிய நிறத்தின் தூரிகையை எடுத்து எல்லையின் மீது தேய்க்க வேண்டும். இன்னும் முழுமையாக உலராத அடர் மையை அது சற்றே நகர்த்தி, இடையிலுள்ள படியை அழித்துவிடும். இதைச் செய்த பிறகு அந்த வெளிறிய தூரிகையைத் துணியில் துடைக்காமல் மீண்டும் பேடில் ஒற்றக் கூடாது. ஒற்றினால் மஞ்சள் பேடில் நீலக் கறை நிரந்தரமாகிவிடும்.

சூரிய அஸ்தமனம் செய்யப் பார்த்தேன், நடுவில் சேறு மாதிரி ஆகிவிட்டது. மை சரியில்லையா?

மையில் குறையில்லை, நிற வரிசையில்தான் குறை. நிறச் சக்கரத்தில் எதிரெதிராக உள்ள நிறங்கள் கலந்தால் பழுப்பும் சாம்பலும் வரும். மஞ்சளும் ஊதாவும், ஆரஞ்சும் நீலமும், சிவப்பும் பச்சையும் அப்படிப்பட்டவை. மஞ்சளையும் நீலத்தையும் நேரடியாகச் சேர்த்தால் சேறு வராது, ஆனால் வானத்தின் நடுவில் ஒரு பச்சைப் பட்டை வரும்.

அஸ்தமன வானத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாகச் செல்லுங்கள். ஒவ்வொன்றும் தன் பக்கத்து நிறத்தை மட்டுமே தொட வேண்டும். நிறங்கள் குறைவாக இருந்தால் இளஞ்சிவப்பை மட்டுமாவது விடாதீர்கள். ஒருபுறம் மஞ்சளோடு சேர்ந்து ஆரஞ்சையும், மறுபுறம் நீலத்தோடு சேர்ந்து ஊதாவையும் அதுவே உண்டாக்கிக்கொடுக்கும் என்பதால், மூன்று பேடுகளில் ஐந்து நிற வானம் கிடைத்துவிடும்.

தேய்க்கத் தேய்க்க அட்டை உரிந்து துருவல் துருவலாக வருகிறதே?

மேற்பரப்பின் இழைகள் ஈரத்தால் தளர்ந்து, உராய்வால் சுருண்டு எழுகின்றன. மலிவான அட்டையில் இது விரைவிலேயே நடக்கும். நல்ல அட்டையிலும் ஒரே இடத்தை ஈரமாக வைத்துக்கொண்டே தேய்த்தால் நடக்கும். துருவல் தோன்றிய கணமே நிறுத்தி, அட்டையை முழுமையாக உலரவிட்டு, உதிர்ந்ததை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். அதன் பிறகு அந்த இடத்தில் அதிக மை ஏற்ற வேண்டாம். இழை கிளம்பிய இடம் மற்ற இடத்தைவிடக் கூடுதலாக உறிஞ்சிக் கறுத்துத் தெரியும்.

ஸ்டென்சிலைத் தூக்கினால் ஓரமெல்லாம் கசிந்திருக்கிறது. என்ன செய்வது?

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் தூரிகையில் உள்ள அதிகப்படியான மை. விரிப்பில் தேய்த்து மையைப் பரப்பும் முறை, ஸ்டென்சிலுக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். அதோடு, ஸ்டென்சிலின் பிளாஸ்டிக்கின் மீது தொடங்கித் துளையின் உட்புறம் நோக்கித் தேய்க்க வேண்டும். துளையின் உள்ளிருந்து வெளியே தள்ளினால் மயிர்கள் விளிம்புக்கு அடியில் புகுந்துவிடும். நான்கு மூலைகளிலும் பசை குறைந்த டேப் ஒட்டி ஸ்டென்சிலை அசையாமல் வையுங்கள். டேப் அட்டையை உரிக்கும் என்று அஞ்சினால், ஒட்டுவதற்கு முன் அதை ஒருமுறை உடையின் மீது அழுத்தி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளலாம்.

நிலா, மேகம் எல்லாம் வெள்ளையாக விட்டுச் செய்கிறார்களே, அது எப்படி?

நிலாவுக்கு ஸ்டிக்கி நோட்டின் பசையுள்ள பகுதியில் ஒரு வட்டம் வெட்டி, அதை அட்டையில் ஒட்டி, சுற்றிலும் மை கலந்துவிட்டு எடுத்தால் போதும். வட்டத்தின் மேலிருந்து வெளிநோக்கித் தேய்த்து, மையை விளிம்பு வரை கொண்டுசெல்லுங்கள். பலர் விளிம்புக்கு அஞ்சிச் சற்றுத் தள்ளியே நிறுத்துவதால் நிலாவைச் சுற்றி மங்கலான வளையம் நின்றுவிடுகிறது. சில வேளைகளில் அது பரிவேடம்போல் அழகாகவும் இருக்கும் என்பது வேறு விஷயம்.

மேகத்துக்கு, ஒரு துண்டுத் தாளின் விளிம்பை மேடும் பள்ளமுமாக வெட்டி, அதை அட்டையின் மீது பிடித்துக்கொண்டு விளிம்பையொட்டி மட்டும் நீலம் தேயுங்கள். பிறகு தாளைச் சற்றுக் கீழே இறக்கி, பக்கவாட்டில் நகர்த்தி மீண்டும் தேயுங்கள். ஒரே தாளில் வானம் முழுவதும் மேகம் நிரப்பலாம்.

தண்ணீர் தெளித்தால் நட்சத்திரம் மாதிரி புள்ளிகள் வருமாமே? எனக்கு வரவில்லை.

தண்ணீரோடு நகரும் மையாக இருந்தால்தான் வரும். டிஸ்ட்ரெஸ், ஆக்சைடு இரண்டிலும் வரும், தண்ணீரால் கரையாத நிரந்தர மைகளில் வராது. விரலை நனைத்துத் துளிகளைச் சிதறவிட்டு, சில நொடிகள் காத்திருந்து, டிஷ்யூ தாளை நேராக வைத்து ஒற்றி எடுங்கள். துளி மையைக் கரைக்கும் அவகாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது: உடனே ஒற்றினால் எதுவும் கிளம்பாது, முழுவதும் உலரவிட்டால் ஓரத்தில் கறுத்த வளையம் விழும். ஆக்சைடில் துளி பட்ட இடம் வெண்மை பூத்தாற்போல் வெளிறும்.

கறுப்பு அட்டையில் மை தெரியவே இல்லையே?

சாய மை ஒளி ஊடுருவுவது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே கறுப்பின் மேல் அது மறைந்துவிடும். நிறமி மையும் ஆக்சைடும் தெரியும், ஆனால் சற்று மங்கலாக. பளிச்சென்று வேண்டுமானால் முதலில் வெள்ளை நிறமி மையை மெல்லிய படலமாக ஏற்றி, அது நன்றாக உலர்ந்த பிறகு வேண்டிய நிறத்தை அதன் மேல் ஏற்றுங்கள்.

வாழ்த்து வரியைப் பிரிண்டரில் எடுத்துவிட்டு, அதன் மேல் மை கலக்கலாமா?

லேசர் பிரிண்டரானால் கலக்கலாம். அதன் டோனர் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள் என்பதால் நீர் சார்ந்த மை அதைக் கரைக்காது. எழுத்தின் மீது படிந்த நிறத்தை மட்டும் இறுதியில் டிஷ்யூ தாளால் மெல்லத் துடைத்துவிடலாம். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த எழுத்து பெரும்பாலும் தூரிகை பட்டதும் கலைந்துவிடும். இங்க்ஜெட் மட்டுமே இருந்தால், வரியைத் தனித்தாளில் எடுத்துப் பட்டையாக வெட்டி ஒட்டுங்கள்.

கலந்த பின்னணியின் மேல் முத்திரையாகவே பதிப்பதானால், நுணுக்கமான எழுத்துக்கு வெர்ஸாஃபைன் போன்ற கறுப்பு நிறமி மை நன்றாக வரும். பின்னணி முழுமையாக உலர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் எழுத்தின் ஓரம் நூல் நூலாகப் பரவும்.

எம்பாஸிங் பவுடர் போட்டால் எழுத்தில் மட்டும் ஒட்டாமல் எல்லா இடத்திலும் ஒட்டுகிறதே?

எம்பாஸிங் பவுடர் என்பது ஈர மையில் ஒட்டிக்கொண்டு, சூடாக்கினால் உருகிப் புடைத்து நிற்கும் தூள். அது எல்லா இடத்திலும் ஒட்டினால், பின்னணி மை இன்னும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும், பவுடருக்கு அந்தச் சிறு ஈரமே போதும். சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் முழுவதும் உலர்த்தி, அட்டை ஆறிய பிறகு, தூள் ஒட்டாமல் தடுக்கும் பவுடர்ப் பையால், அது இல்லாவிட்டால் துணியில் கட்டிய டால்கம் பவுடரால், மேலே மெல்ல ஒற்றிவிட்டு அதன் பிறகு முத்திரை பதியுங்கள்.

வரிசையையே மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை வராது. வெள்ளை அட்டையில் முதலில் வெர்ஸாமார்க் போன்ற நிறமற்ற ஒட்டு மையால் முத்திரை பதித்து, நிறமற்ற பவுடர் தூவி உருக்கிவிடுங்கள். பிறகு அதன் மேல் தாராளமாக மை கலந்து, உருகிய கோடுகளை மட்டும் துணியால் துடைத்தால், நிறத்துக்கு நடுவே வெள்ளைக் கோலமாக வடிவம் தெளிந்து நிற்கும். கற்றுத்தரும்போது கற்பவர்களின் முகம் மலர்வது இந்த இடத்தில்தான்.

மழைக்காலத்தில் மை காயவே மாட்டேன் என்கிறது. ஹீட் கன் பிடித்தால் அட்டை வளைகிறது.

காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அட்டையே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே ஏற்றும் மைக்கு உள்ளே இடமில்லை. அட்டைக் கட்டைத் திறந்த அலமாரியில் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத பையில் வையுங்கள். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடிக்காமல் நகர்த்திக்கொண்டே, முன்புறமும் பின்புறமும் மாறி மாறிக் காட்டினால் வளைவு குறையும். வளைந்துவிட்ட அட்டை வெதுவெதுப்பாக இருக்கும்போதே கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் நேராகிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு கரும்புள்ளி விழுந்துவிட்டது. அழிக்க வழி உண்டா?

சாய மையானால் இல்லை. அது இழைக்குள் ஊறிவிட்டது. தண்ணீர் தொட்டுத் துடைத்தால் புள்ளி பெரிதாவதோடு, முன்பு சொன்ன துருவலும் சேர்ந்துகொள்ளும். அந்தப் புள்ளிக்குத் துணையாக அதே நிறத்தில் மேலும் சில புள்ளிகளைத் தெறிக்கவிடுங்கள், அல்லது வெட்டிய பூவையோ வாழ்த்து வரியையோ அந்த இடத்தில் ஒட்டுங்கள். எங்கே ஒட்டுவது என்பதைக் கடைசி வரை முடிவு செய்யாமல் வைத்திருப்பது இதற்காகவே.

பிரஷை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டுமா? பேட் உலர்ந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதானா?

தூரிகையைக் கழுவ வேண்டியதில்லை. நிறக் குடும்பத்துக்கு ஒரு தூரிகை என்று ஒதுக்கிவிட்டால், வேலை முடிந்ததும் உலர்ந்த துணியில் தேய்த்து வைத்தாலே போதும். மயிர்கள் விறைத்துப்போனால் மட்டும் மிதமான சோப்பில் கழுவி, தலை கீழ்நோக்கி இருக்கும்படி உலர்த்துங்கள். ஈரத் தூரிகையை மட்டும் ஒருபோதும் பேடில் ஒற்றாதீர்கள். உலர்ந்த பேடுக்கு அதே நிறத்தின் நிரப்பு மை தனிக் குப்பியில் கிடைக்கிறது. சில சொட்டுகள் விட்டுக் கரண்டியின் பின்புறத்தால் பரப்பினால் பேட் மீண்டும் உயிர்பெறும். மின்விசிறிக்கு நேரே பேடைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வதை விட்டால், நிரப்ப வேண்டிய தேவையே வெகுவாகக் குறையும்.

ஃபிரேம் போட்டு மாட்டினால் நிறம் நிற்குமா?

சாய மை வெயிலில் வெளிறும். குறிப்பாக இளஞ்சிவப்பும் ஊதாவும் முதலில் போகும். சுவரில் மாட்டுவதற்காகவே செய்வதானால் ஒளியைத் தாங்கும் நிறமி மையைப் பயன்படுத்தி, சன்னல் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பாதுகாப்புக்கு வார்னிஷ் அடிக்க விரும்பினால் நீர் சார்ந்ததைத் தூரிகையால் பூசாதீர்கள், அது டிஸ்ட்ரெஸ் வகை மைகளைக் கலைத்துவிடும். தெளிப்பு வகையை, முதலில் ஒரு கழிவுத் துண்டில் சோதித்த பிறகு, தள்ளி நின்று மெல்லிய படலமாக அடியுங்கள். ஆல்பத்திலோ உறையிலோ வைக்கும் வாழ்த்து அட்டைகளுக்கு இவை எதுவும் தேவையில்லை. ஆக்சைடு ஏற்றியதானால் மட்டும், உரசி நிறம் ஒட்டாமலிருக்க மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்து மூடுங்கள்.